நிறைமாதக் குழந்தையும் மூளை முடக்குவாதமும்
வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் அசைவும் உடல் இருக்கும் நிலையும் குலையும் மூளை முடக்குவாதத்தைக் கடினமான பிரசவத்தோடு 1861இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் பிணைத்தார். அச்சிக்கலே கருவில் தொடங்கிய கோளாற்றின் அறிகுறியாகலாம் என 1897இல் சிக்மண்ட் பிராய்டு எழுதினார். 37 வாரம் நிறைந்து பிறந்தோரிடமும் கருக்காலத் தொற்று, வளர்ச்சிக் குறைவு, பச்சிளம் பருவப் பக்கவாதம் ஆகியவை காரணமாகலாம் என்று பின்னர்த் தெளிவான போதும், பழி பெற்றவள்மீதே விழுந்தது பெருங்கொடுமை.

இப்பாதிப்புள்ள குழந்தைகளுக்காகச் சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி இன்று வித்யா சாகர் எனப்படுகிறது. ஊர்தோறும் சிறாரைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமோ 2013இல்தான் வந்தது. பாலாற்றங்கரைச் செவிலிமேட்டுத் தறிவீட்டிலும், ஓராண்டு நிறையுமுன் குழந்தை ஒரு கையை மட்டுமே நீட்டுவதைத் தாய்தான் முதலில் காண்கிறாள். மருத்துவர்கள் தேடும் தொடக்கக் குறிகளுள் அதுவும் ஒன்று.