சம்பளச் சீட்டும் துண்டும்

ஊதியத்துக்கு வேலை செய்பவர், தாம் பணிபுரியும் நிறுவனத்தைத் தம்முடையதாகவே கருதி, புதிய வாய்ப்புகளைத் தேடித் துணிந்து முடிவெடுக்க வேண்டும் என்னும் கருத்து, அமெரிக்கரான கிஃபோர்டு பின்ஷோ 1985இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே மேலாண்மைப் பாடங்களில் தனிப்பெயரோடு இடம்பெற்றது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, செட்டிநாடு எனப்படும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த, செட்டியார் என்றும் அழைக்கப்படும் நாட்டுக்கோட்டை நகரத்தார், கடல் கடந்த தம் கடைகளை அவ்வாறு எண்ணிச் செயல்படும் ஆட்களைக் கொண்டே நடத்திவந்தனர். அவர்கள் அதை அறிவுரையாகச் சொல்லவில்லை. சீட்டில் எழுதி, முதலும் அதிகாரமும் கையில் கொடுத்து, ஆதாயத்தில் பங்கும் வைத்தனர். அந்த முறையின் வரலாற்றை, அதே காலத்தில் அதே கடலைக் கடந்து சென்ற இன்னொரு வகைத் தமிழ்ப் பணியாளரின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் உண்மையான அளவு விளங்கும்.

நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கையிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தவர்கள். நூற்றாண்டின் நடுவில் பர்மாவின் மௌல்மெயினுக்கும், அடுத்து இரங்கூனுக்கும் சென்றனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் விளைந்த அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தபோது, காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய உழவர்க்கு வேண்டிய கடனை வழங்கும் தொழில் பெருமளவுக்கு இவர்கள் கைக்கு வந்தது. 1930இல் அறிக்கை அளித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய மூலதனம் 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது. இத்தனை கடைகளின் முதலாளிகளுள் பெரும்பாலோர் பர்மாவில் வாழவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இருந்தபடியே தொழிலை நடத்தினர். கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆகும் காலத்தில், கடன் கேட்டு வாசலில் நிற்பவரை நம்பலாமா என்று முதலாளியிடம் கேட்டு முடிவு செய்ய வழியே இல்லை. எனவே முடிவெடுக்கும் உரிமை கடையில் இருந்த ஆளிடம் தங்கியது.

ஒவ்வொரு கடையும் ஒரு விலாசத்தின் கீழ் நடந்தது. விலாசம் என்பது முதலாளியின் குடும்ப முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைந்த வணிகப் பெயர். கடையின் ஆட்களுக்குள் தெளிவான படிவரிசை இருந்தது. எண்சுவடியும் மனக்கணக்கும் படித்து முடித்த சிறுவன் பதின்ம வயதிலேயே கப்பலேறி, பணப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து ஏவல் வேலைகளைச் செய்யும் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்கெழுதவும் தண்டல் செய்யவும், அதாவது கடன் தவணைகளைப் போய் வாங்கி வரவும், பழகியபின் அடுத்தாள் ஆவான். முழுப் பொறுப்பையும் ஏற்பவர் மேலாள், ஆங்கில ஆவணங்களின் சொல்லில் ஏஜெண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் பல விலாசங்களின் ஆட்கள் கிட்டங்கி எனப்படும் ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்கு மேசையுமாகத் தரையில் அமர்ந்து தொழில் செய்ததால், ஒரு பையன் தன் மேலாளிடம் மட்டுமல்லாமல் எதிர்வரிசையில் இருந்த போட்டிக் கடை மேலாளிடமும் கண்ணால் பார்த்தே தொழில் கற்றான். இக்காலத்துப் பயிற்சி வகுப்பு எதுவும் இதற்கு ஈடாகாது.

மேலாளின் பணி, சம்பளச் சீட்டு எனப்பட்ட ஒப்பந்தத்தால் வரையறுக்கப்பட்டது. வழக்கமான தவணை மூன்றாண்டு. அந்தக் காலம் முழுமைக்குமான சம்பளம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டு, அதில் ஒரு பகுதி புறப்படும்போதே கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் ஊரில் தங்கிய குடும்பத்துக்குப் பயன்பட்டது. வெளிநாட்டில் உணவு, உறைவிடம் ஆகிய செலவுகளைக் கடையே ஏற்றது. தவணை முடிவில் கடை ஈட்டிய லாபத்தில் ஒரு பகுதி, பல விலாசங்களில் பத்தில் ஒன்று என்னும் அளவில், மேலாளுக்குத் தனியே சேர்ந்தது. சம்பளம் குடும்பத்தின் கவலையைத் தீர்த்தது. லாபப் பங்கு மேலாளின் எண்ணத்தைக் கடையின் மீது நிறுத்தியது. இந்த ஏற்பாட்டின் விலையைப் பெண்கள் கொடுத்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் மனைவியரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் கணவருக்காக ஆச்சிமார் வீட்டையும் வரவு செலவையும் தனியாகவே தாங்கினர்.

சீட்டைவிட முக்கியமானது முக்தியார், அதாவது முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் வாங்கவும், நிலத்தை ஈடாகப் பெறவும், வழக்காடவும் மேலாளுக்குச் சட்டப்படி உரிமை தரும் பத்திரம். அதைப் பெற்ற மேலாள் கையெழுத்திட்டால் செட்டிநாட்டில் உள்ள முதலாளியின் சொத்து கட்டுப்படும். இத்தனை பெரிய அதிகாரத்தை இருபத்தைந்து, முப்பது வயது இளைஞரிடம் துணிந்து ஒப்படைத்ததற்குக் காரணம், கண்காணிப்பின் முறை வேறாக இருந்ததே. ஒவ்வொரு செயலுக்கும் முன்அனுமதி கேட்கச் சொல்வதை விட்டு, செய்தவற்றின் கணக்கை இடைவிடாமல் கேட்டனர். அன்றாட வரவு செலவு குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏறும். பேரேட்டின் பற்றும் வரவும் ஐந்தொகையில், அதாவது கடையின் முழு நிலையையும் ஒரே பார்வையில் காட்டும் நிலைக்கணக்கில், சமன்பட்டு ஊருக்குப் போகும். தவணை முடிந்து புதிய மேலாள் வந்ததும், பழையவர் உடனே கப்பலேறிவிட மாட்டார். இருவரும் சேர்ந்து ஒவ்வொரு கடனையும், அதற்குரிய ஈட்டையும், கடனாளியின் நாணயத்தையும் பரிசீலித்த பிறகே பொறுப்பு கைமாறும். மறைத்து வைத்த வாராக்கடன் வெளிப்படுவதற்கு இதைவிடச் சிறந்த நேரம் இல்லை. தவறு செய்தவரின் பெயர் கிட்டங்கியிலிருந்து அவருடைய கோயில் பிரிவு வரை பரவும். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் திருமண உறவு கொண்டதால், தொழிலில் நாணயம் கெட்டவர் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடுமாறினார். வட்டி விகிதமும் தனி ஒருவர் முடிவன்று. இரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் கூடிப் பேசி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை மாதந்தோறும் தீர்மானித்தனர். போட்டியும் கூட்டுறவும் இப்படி ஒரே கூரையின் கீழ் இயங்கின.

இந்த முறையின் உயிர்நிலை, மேலாள் என்றும் மேலாளாகவே இருக்க வேண்டியதில்லை என்பதில்தான் இருந்தது. அவர் சேமித்த சம்பளமும் லாபப் பங்கும் பெரும்பாலும் அதே கடையிலோ உறவினர் கடையிலோ வட்டிக்கு விடப்பட்டன. ஓரிரு தவணைகள் கழித்து, அந்தப் பணத்தை முதலாக இட்டுப் பங்காளி ஆனவரும், தனி விலாசம் தொடங்கியவரும் பலர். அவ்வாறு பிரிந்து செல்பவரை முதலாளி துரோகியாகக் கருதவில்லை. அவருக்குத் தம் மேல்பணத்தை, அதாவது உறவினரும் பழகியவரும் முதலுக்கு மேல் வட்டிக்கு விடும் தொகையை, கொடுத்து உதவுவதும் உண்டு. ஜப்பானில் ஓமி வட்டாரத்து வணிகக் குடும்பங்களில், சிறுவனாகச் சேர்ந்து தலைமைக் கணக்கராக உயர்ந்த பணியாளுக்குக் கடையின் பெயர்த்திரையையே பிரித்துக் கொடுத்துக் கிளைவீடாக்கிய வழக்கம் இதற்கு மிக நெருங்கியது. இரு சமூகங்களும் ஒன்றையொன்று பார்த்துக் கற்கவில்லை. தொலைவில் இருக்கும் கடையை நம்பிக்கையான ஆளால் நடத்த வேண்டிய ஒரே நெருக்கடி இரண்டையும் ஒரே தீர்வுக்குக் கொண்டு வந்தது எனலாம்.

நகரத்தார் அல்லாத இராமநாதபுரம், மதுரை வட்டாரத்து மக்களும் இதே அமைப்பில் கடைகள் நடத்தினர்; ஆட்களாகவும் சேர்ந்தனர். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938இல் சுமத்திராவின் மெடான் நகரத்து வட்டிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர்; அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அவருடைய 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்களில் அடுத்தாளின் மனநிலை பதிவானது போல எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை. மேலாளாகும் கனவும் முதலாளியின் மகளை மணக்கும் கனவும் ஒரே இளைஞன் மனத்தில் கலந்து கிடப்பதும், முதலாளியின் ஒரு சொல்லால் இரண்டும் சேர்ந்து சரிவதும் முன்னதன் கதை. உரிமையாளர் போல எண்ணப் பழகியவன் இன்னும் உரிமையாளன் ஆகவில்லை என்னும் இடைவெளி எத்தனை வேதனையானது என்பதை அது காட்டுகிறது.

இனி மறுபக்கம், அதே கடலைக் கடந்த தோட்டத் தொழிலாளரின் வரலாறு. இன்று திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் மதுரகாளியம்மன் கோயிலால் அறியப்படும் சிறுவாச்சூரும் அதைச் சூழ்ந்த வானம் பார்த்த சிற்றூர்களும், அக்காலத்தில் திருச்சினாப்பள்ளி மாவட்டத்தின் பெரம்பலூர் தாலுகாவைச் சேர்ந்தவை; பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சினாப்பள்ளி முன்வரிசையில் நின்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் இப்பகுதிகளுக்கு வந்த, தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணி, தோட்டத் துரையிடம் பெற்ற முன்பணத்தால் ஏழைக் குடும்பத்தின் பழைய கடனைத் தீர்த்து, வழிச்செலவும் கொடுத்து அழைத்துப் போவார். அந்தத் தொகை முழுவதும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். அவர் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவார் என்று எழுதிய தாளைத் தோட்ட நிர்வாகம் கொடுக்கும். அந்தத் தாளுக்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து, அதையே மீண்டும் தொழிலாளியின் கணக்கில் எழுதும். இவ்வாறு இடம் மாற மாறக் கடன் வளர்ந்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை துண்டு முறை நீடித்தது.

தோட்டத்து அமைப்பிலும் தொழில்முனைவோர் போல எண்ணிய ஒருவர் இருந்தார், அவர் கங்காணி. ஆள் திரட்டுவதில் முதலிட்டவர், ஆபத்தை ஏற்றவர், வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் இத்தனை காசு என்று தோட்டத்திடம் பெற்றவர் அவர். பெரிய கங்காணிக்குக் கீழே, தம் உறவினரையும் ஊராரையும் மட்டும் மேய்க்கும் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். ஊக்கம், தன்முயற்சி, லாப நோக்கு எல்லாமே அவர்களிடம் நிறைந்திருந்தன. ஆனால் செட்டியார் கடையின் மேலாள் கடனைக் கொடுத்து வட்டியால் பெருகினார்; கங்காணியோ தன் கீழிருந்தவர் கடனில் சிக்கியிருந்தால்தான் பெருக முடிந்தது. பணியாளரை முதலாளி போல எண்ணச் செய்வது நன்மையா என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இந்த வேறுபாடே சான்று. கொழும்பு செட்டியார் தெருவில் முக்தியாரோடு கடை நடத்திய மேலாளும், துண்டோடு இலங்கை மலையகத்தில் தோட்டம் மாறிய தொழிலாளியும் ஒரே அரசின் கீழ், ஒரே மொழி பேசி வாழ்ந்தவர்கள்.

மேலாள் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. 1930ஆம் ஆண்டுகளின் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர் கடனைத் திருப்ப முடியாமல் போக, ஈடாக எழுதித் தந்த நிலங்கள் கடைகளின் பெயருக்கு மாறின. கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தின் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது; 1937இல் அது 25 விழுக்காடு. இவர்கள் தேடியது பணப் புழக்கத்தை, நிலத்தை அன்று. இருந்தும் பர்மிய தேசியவாதிகளின் வெறுப்புக்கு அந்த எண்ணே போதுமானதாயிற்று. மூன்றாண்டில் லாபத்தைக் காட்டி ஊர் திரும்ப வேண்டிய மேலாளுக்கு, முப்பது ஆண்டுகளில் அந்நாட்டு உழவரோடு உறவு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க எந்தத் தூண்டுதலும் இருக்கவில்லை என்பதே இம்முறையின் மிகப் பெரிய குறை என்று மதிப்பிடலாம்.

இதற்கிடையே முறையும் உருமாறத் தொடங்கியது. 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் வங்கி நிறுவனம் நொடித்ததை அடுத்து, 1907இல் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று நகரத்தார் ஆதரவோடு இந்தியன் வங்கியைத் தொடங்கினார். 1937 பிப்ரவரியில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒருங்கே திறக்கப்பட்டது. கூட்டுப்பங்கு வங்கியில் மேலாளின் இடத்துக்குக் கிளை மேலாளர் வந்தார். அவருக்குப் பதவி உயர்வு உண்டு, லாபப் பங்கோ தனி விலாசமோ இல்லை. தலைமை அலுவலகம் வகுத்த வரம்புக்கு மேல் கடன் கொடுக்கும் உரிமையும் இல்லை. வைப்பாளர் பணத்துக்கு இது பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. 1900இல் மௌல்மெயினில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார் போன்றோர், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பி ஆலைத் தொழிலுக்கு மாறினர்.

1941 இறுதியில் ஜப்பானியர் பர்மாவில் குண்டு வீசத் தொடங்கியதும் பெரும்பாலான கடைகளின் ஆட்கள் பேரேடுகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. இராணுவத் தளபதி நெவினின் ஆட்சி 1963இல் வங்கிகளையும், அடுத்த ஆண்டு வணிக நிறுவனங்களையும் எடுத்துக்கொண்டபோது, எஞ்சியிருந்த கடைகளும் முடிவுக்கு வந்தன. அதே 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கிய அவர்களுள், தாத்தன் புறப்பட்ட திருச்சி மாவட்டத்து ஊர்களைத் தேடிச் சென்றவர்களும் உண்டு. செட்டிநாடு திரும்பியவர்களிடம் இழந்த சொத்தை ஒரு காசு விடாமல் காட்டும் பேரேடுகள் இருந்தன. இழப்பீடு உரிய அளவில் கிடைக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் கோரிக்கை எழுப்புவதற்கான கணக்கே இல்லை. மறுவாழ்வு உதவிக்காக இந்தியத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டை மட்டுமே அவர்கள் கையில் இருந்தது.