தோட்டம் யார் கையில், சட்டம் அவர் கையில்

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறிச் செல்வோர் பச்சைச் சரிவுகளைப் படம் பிடித்துத் திரும்புகிறார்கள். அந்தப் பச்சைக்குள் பணமும் அதிகாரமும் கைகோத்த வரலாறு ஒன்று இருக்கிறது.

ஈயம், ரப்பர், நிலக்கரி எனப் பல தொழில்களில் பணம் குவித்த ஜே.ஏ. ரசல், 1929இல் காலனி அரசிடம் நிலம் பெற்றுக் கேமரன் மலையில் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து கிள்ளும் வேலைக்குத் தமிழர்கள் வந்தனர்.

அன்றைய மலாயாவில் சட்டம் இயற்றிய இடத்திலும் முதலாளிகளே இருந்தனர். 1909இல் அமைந்த கூட்டரசு மன்றத்தில் ஐரோப்பியத் தோட்ட, வணிகப் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. 'மலாய் மெயில்' ஆங்கில நாளேட்டை 1896இல் நிறுவிய ராப்சனும் அங்கு உறுப்பினராக இருந்தார். பல்லாயிரம் தமிழர்கள் உழைத்த நாட்டில், வழக்கறிஞர் வீராசாமி என்ற முதல் இந்தியர் அம்மன்றத்தில் அமர 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விளைவு என்ன? உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 1930இல் 40, 32 எனக் குறைந்தது. ஒரே வேலைக்குச் சீனருக்கு ஒரு கூலி, தமிழருக்கு ஒரு கூலி. பிரிந்து கிடக்கும் கைகள் ஒன்றாக ஓங்குமா?

ஆனாலும் 1941இல் சிலாங்கூர், கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் அவை ஓங்கின. 'தமிழ் நேசன்' துணையாசிரியர் ஆர்.எச். நாதன் தொழிலாளர்களைத் திரட்டினார். அவர்கள் கேட்டவை: சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றனர். அரசு அவசரநிலையை அறிவித்து இராணுவத்தை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஏழைக்குக் குரல் கொடுத்த ஏடுகளுக்கும் ஆயுள் நிச்சயமில்லை. 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது.

இன்று கேமரன் மலைச் சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த பலர் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கு ஓட்டில்லை. அன்று தமிழர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்காகப் பேச வேண்டிய முதல் குரல் யாருடையது? அந்த வலியை அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடையது அல்லவா?