பெட்டியில் எழுதிய வலுவும் கையில் கிடைக்கும் வலுவும்: படத்தொகுப்புக்கு மடிக்கணினி வாங்கும் முன்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம்தான் நான் யாழ்ப்பாணத்திலிருந்து 12 நிமிட விவரணக் காணொளி ஒன்றை முடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ‘படைப்பாளிகளுக்கானது’ என்ற பெயரோடு விற்கப்பட்ட ஒரு மடிக்கணினி. கடன்பட்டு வாங்கியது. மின்சாரம் இருக்கும்போது நன்றாக ஓடும். வயரைக் கழற்றினால் காட்சிகள் திக்கித் திக்கி நகரும். ஒரு மணித்தியாலம் ஆகுமுன் பற்றரி தீர்ந்துவிடும். இறுதிக் கோப்பை உருவாக்கும்போது இரண்டு தடவை பாதியில் நின்றது. காணொளி ஒரு நாள் பிந்தியது. பேசிய கொடுப்பனவில் பாதிதான் கைக்கு வந்தது.

சில மாதங்களில் அதன் திரைப் பிணைச்சலும் உடைந்தது. திருத்தக் கொண்டுபோன இடத்தில், அப்படியே நினைவகத்தையும் கூட்ட முடியுமா என்று கேட்டேன். கடைக்கார அண்ணா கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, இதில ராம் போட்டோட சேத்து ஒட்டியிருக்கு. கூட்டவும் ஏலாது, மாத்தவும் ஏலாது. போட் போனா எல்லாம் போச்சு.”

அடுத்த கணினியை வாங்குவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வாங்குவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ரூபாயின் பெறுமதி சில வாரங்களுக்குள் டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 350ஐத் தாண்டிப்போயிருந்த காலம் அது. தவறாக வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை. படித்ததிலிருந்து விளங்கிய ஒன்று: கணினியின் வலுவையும் அதன் உடற்கட்டையும் இரண்டு தனிக் கேள்விகளாகப் பார்க்கக் கூடாது. வெப்பத்தை வெளியேற்ற முடியாத உடலுக்குள் இருக்கும் வலு நமக்குப் பயன்படாது.

ஒரே பெயர், வேறு வேறு வலு

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினிகளில் அது 35 வோட்டிலிருந்து 115 வோட் வரை எந்த அளவிலும் பொருத்தப்படலாம். எந்த அளவு என்பதைக் கணினியைத் தயாரிக்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது. மெல்லிய கணினிக்குக் குறைந்த வோட், தடித்த கணினிக்குக் கூடிய வோட். பெட்டியின் மேலே இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆகவே ‘எந்த கிராபிக்ஸ்?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் ‘எத்தனை வோட்?’ என்றும் கேட்க வேண்டும். அந்த எண் பெரும்பாலும் நிறுவனத்தின் இணையத்தளத்தில், தொழினுட்ப விபரப் பக்கத்தில் இருக்கும்.

புரொசசருக்கும் இதே கதைதான். 2018இல் அப்பிள் தன் 15 அங்குல மக்புக் ப்ரோவில் இன்ரெல்லின் கோர் ஐ9 புரொசசரைப் போட்டது. நீண்ட நேர வேலையில் சூடேறி, அது தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதைப் பாவனையாளர்கள் கண்டுபிடித்தார்கள். மென்பொருளில் ஒரு குறை இருந்ததாக ஒப்புக்கொண்டு, சில நாட்களில் அப்பிள் திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் மெல்லிய உடலுக்குள் பெரிய புரொசசரை அடைப்பதன் சிக்கல் அன்றோடு தீரவில்லை.

கடையில் ஓடவிட்டுக் காட்டும் ஐந்து நிமிடச் சோதனை இதைக் காட்டாது. படத்தொகுப்பில் முக்கியம் முப்பதாவது நிமிடத்தில் இருக்கும் வேகம்.

வயர் இல்லாதபோது

விமானத்தில் சாதாரணமாகக் கொண்டுசெல்லக்கூடிய பற்றரியின் எல்லை 100 வோட்-மணி. அதனால் பெரிய மடிக்கணினிகளின் பற்றரியும் அந்த அளவோடு நின்றுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 115 வோட் கேட்கும் கிராபிக்ஸ் சிப் மட்டுமே முழு வேகத்தில் ஓடினாலும் 100 வோட்-மணி ஒரு மணித்தியாலத்துக்குப் போதாது. எனவே இந்த வகைக் கணினிகள் பற்றரியில் ஓடும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. என் பழைய கணினி செய்ததும் அதுதான். அது பழுதல்ல, வடிவமைப்பு.

அப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப்புக்கு மாறியதன் பெரிய பயன் இங்கேதான் தெரிகிறது. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதால், வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே வேகம். மின்வெட்டும் களப்பணியும் நிறைந்த வேலைக்கு இது சிறிய விடயமல்ல. மறுபக்கம், முப்பரிமாண வேலை செய்வோருக்கு என்விடியா சிப் உள்ள விண்டோஸ் கணினியே பல மென்பொருள்களில் வேகம் தரும். அவர்கள் பெரும்பாலும் மேசையில், மின்சாரத்தோடு இருந்து வேலை செய்பவர்கள்.

உங்கள் கமரா என்ன எழுதுகிறது?

புதிய கமராக்கள் பல, எச்.265 வடிவில் 10 பிற், 4:2:2 என்ற நிறத்தரத்தில் பதிவு செய்கின்றன. கோப்பு சிறியது, ஆனால் அதை விரிப்பது புரொசசருக்குச் சுமை. அப்பிளின் எம் வரிசைச் சிப்களும், இன்ரெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த உள்ளமை கிராபிக்ஸும் இதை வன்பொருளிலேயே கையாள்கின்றன. என்விடியாவில் இந்த வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதாவது விலை கூடிய ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கணினி திணறும் கோப்பைச் சாதாரண இன்ரெல் கணினி ஒன்று இலகுவாக ஓட்டலாம். கடைக்குப் போகும்போது உங்கள் கமராவின் கோப்பொன்றைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

உடற்கட்டு என்றால் என்ன?

அலுமினிய உடல் கையில் உறுதியாகத் தெரியும். ஆனால் உலோகம் மட்டும் போதாது. 2015இல் அறிமுகமான அப்பிளின் ‘வண்ணத்துப்பூச்சி’ விசைப்பலகை அழகான உலோக உடலுக்குள்தான் இருந்தது. சிறு தூசு போனாலே விசைகள் சிக்கின. 2018இல் இலவசத் திருத்தத் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. 2022இல் அமெரிக்காவில் அது தொடர்பான வழக்கை 50 மில்லியன் டொலருக்குத் தீர்த்துக்கொள்ள அப்பிள் இணங்கியது.

இராணுவத் தரம் என்று விளம்பரத்தில் வரும் ‘மில்-எஸ்ரிடி-810’ என்பதையும் அளவோடு நம்புங்கள். அது அமெரிக்க இராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை நிறுவனமே தெரிவு செய்கிறது.

நீண்டகால உறுதியை நான் இப்போது திருத்தக்கூடிய தன்மையால் அளக்கிறேன். 2022இல் வந்த லெனோவோ திங்பாட் பி16இல் நினைவகத்துக்கு நான்கு இடங்கள் இருக்கின்றன. ஆனால் எடை 3 கிலோவை நெருங்கும். மெல்லிய திங்பாட் பி1, 2024 மொடலில் கழற்றக்கூடிய புதுவகை நினைவகத்தோடு வந்தது. மக்புக் ப்ரோவில் நினைவகம், சேமிப்பகம் இரண்டுமே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை. வாங்கும் நாளில் தெரிவு செய்ததுதான் கடைசிவரை.

நான் எடுத்த முடிவு

பழைய கடனை அடைத்த பிறகு, 2021இல் வெளியான 14 அங்குல மக்புக் ப்ரோ ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். எடை 1.6 கிலோ. கமரா அட்டைக்கான துளையும் எச்டிஎம்ஐயும் திரும்ப வந்த மொடல் அது. யூஎஸ்பி-சி பவர்பாங்கிலும் சார்ஜ் ஏற்றலாம். போட் போனால் எல்லாம் போகும் என்பது தெரிந்தே வாங்கினேன். அதனால் ஒவ்வொரு இரவும் அன்றைய வேலையை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுக்காமல் படுப்பதில்லை. முப்பரிமாண வேலை செய்யும் என் நண்பனோ பாரத்தைப் பார்க்காமல் திங்பாட் எடுத்தான். அவனுக்கு அதுதான் சரி.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து: கடையில் வயரைக் கழற்றிவிட்டு உங்கள் கோப்பை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். திரையைப் பலதடவை திறந்து மூடுங்கள். பிறகு, கடைக்காரரை அல்ல, உங்கள் ஊரில் திருத்துபவரைக் கேளுங்கள். எந்தக் கணினி எதனால் தன் மேசைக்கு வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.