முன்ஜாமீன்

ஜாமீன் என்பது அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நம் நாட்டு நியாயஸ்தலங்களுக்குள் புகுந்த பதம். மூலத்தில் அது பிறனுக்காகப் பொறுப்பேற்று நிற்கும் மனிதனையே சுட்டியதாயினும், இங்கு வந்தபின் அவன் ஏற்கும் பொறுப்பையும், அதன்பேரில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கும் விடுதலையையும் குறிக்கலாயிற்று. அதன் தலையில் நம்முடைய 'முன்' ஏறியது பிற்காலத்து நிகழ்ச்சி; 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கைதாகுமுன்பே ஜாமீன் உத்தரவு பெறும் இச்சலுகைக்கு இடமில்லை; 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 438ஆம் பிரிவே அதை வழங்கிற்று; அதன் ஸ்தானத்தில் இன்று நிற்பது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 482ஆம் பிரிவு.

இந்த 'முன்' என்பதைக் கைதுக்கு முன்பே கிடைக்கும் விடுதலையென்று பலர் பிழையாகக் கொள்கிறார்கள். உத்தரவு முன்னதாகப் பிறப்பதும், கைது நேரும் அக்ஷணத்தில்தான் அது பலிதமாவதுமே உண்மை.

முன்ஜாமீனின் பொருளை விரிவாக ஆராய்ந்த தீர்ப்பு, லஞ்ச ஊழல் புகாருக்கு ஆளான ஒருவரின் வழக்கில் பிறந்தது விசேஷம். பஞ்சாபில் நீர்ப்பாசன, மின்சார அமைச்சராயிருந்த குர்பக்ஷ் சிங் சிப்பியாவின் முன்ஜாமீன் மனுவை உயர் நீதிமன்றம் தள்ளிவிட, 1980இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, சட்டம் சொல்லாத தடைகளை 438ஆம் பிரிவில் ஏற்றுதல் ஆகாது என்று விதித்தது. தனிமனித சுதந்திரத்தைக் கருதுவோர் போற்றத்தக்க தீர்ப்பு அது. எனினும் கோப்புகளும் சாட்சி சொல்லவேண்டிய சிப்பந்திகளும் தம் கைக்குள் இருக்கும் உத்தியோகஸ்தர் விஷயத்தில் நிதானம் வேண்டுமென்பதே என் துணிபு. 2025இல் உச்ச நீதிமன்றமும், லஞ்ச வழக்குகளில் புகார் பொய்யென்றோ அரசியல் நோக்கமுடையதென்றோ மேல்நோக்கிலேயே தோன்றும் அசாதாரண நிலையிலன்றி முன்ஜாமீன் அளித்தல் தகாதென்று உரைத்தது.