கற்றையை அளப்பது சூரியனா, வானமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பென்டிக்டன் ஊருக்கு அருகே, டொமினியன் ரேடியோ வானியல் ஆய்வகம் இருக்கிறது. 2017-இல் அங்கே தொடங்கிவைக்கப்பட்ட 'சைம்' என்ற ரேடியோ தொலைநோக்கியில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட நான்கு பரவளைய உருளைகள் வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் குவியக் கோட்டிலும் 256 அலைவாங்கிகள். ஆக மொத்தம் 1,024. அவை 400 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை வாங்குகின்றன. நம் உதகைத் தொலைநோக்கியும் பரவளைய உருளைதான். ஆனால் 530 மீட்டர் நீளமுள்ள அது தன் நீள அச்சில் திரும்பி, ஒரு மூலத்தை மணிக்கணக்காகப் பின்தொடரும். சைம் திரும்பாது. பூமி சுழலச் சுழல, வானந்தான் அதன்மேல் நகர்ந்து போகிறது.

இந்த அசையாமையால் செலவு குறைகிறது, அளவுதிருத்தம் கடினமாகிறது. ஒரு தொலைநோக்கி எந்தத் திசையிலிருந்து வரும் அலையை எவ்வளவு வலுவாக வாங்குகிறது என்பதைச் சொல்வது அதன் கற்றை வடிவம். நடுவில் முதன்மைக் கற்றை இருக்கும். சுற்றிலும் வலுக் குறைந்த பக்கக் கற்றைகள் இருக்கும். திருப்பக்கூடிய தட்டு என்றால், வலுவான ஒரு மூலத்தை நடுவில் வைத்து, தட்டைச் சற்றே இப்படியும் அப்படியும் ஆட்டி, கற்றையை வரைந்துவிடலாம். சைமில் அதற்கு வழியில்லை. அதன் ஒவ்வோர் அலைவாங்கியும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 120 பாகையும், கிழக்கு மேற்காக அதிர்வெண்ணைப் பொறுத்து 1.3 முதல் 2.5 பாகையும் பார்க்கிறது. இந்த நீண்ட கீற்றின் ஒவ்வொரு புள்ளியையும், தானாக வந்து கடந்துபோகும் பொருள்களைக்கொண்டே அளந்தாக வேண்டும்.

அப்படிக் கடந்துபோகும் பொருள்களில் ஒன்று சூரியன். மற்றது சூரியன் நீங்கலான வானம் முழுவதும்: பால்வழியின் பரவலான ஒளிர்வும் ஆயிரக்கணக்கான தனி மூலங்களும். இந்த இரண்டையும் வைத்து ஒரே கற்றையை அளக்கும் இரு முறைகளை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை.

ஏன் இத்தனை துல்லியம்?

சைம் தேடுவது தொலைதூர ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலை. பிரபஞ்சம் விரிந்ததால் நீண்டு 400–800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி வரும் அந்த அலையைவிட, பால்வழியின் ரேடியோ ஒளிர்வு பல்லாயிரம் மடங்கு வலுவானது. பால்வழியின் ஒளிர்வு அதிர்வெண்ணோடு சீராக மாறும். ஹைட்ரஜன் அலையோ அடுத்தடுத்த அதிர்வெண்களில் ஏறி இறங்கும். இந்த வேறுபாட்டை நம்பித்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். ஆனால் கற்றை வடிவமும் அதிர்வெண்ணோடு மாறுவதால், சீரான ஒளிர்வு கருவிக்குள் வந்ததும் மேடுபள்ளமாகிவிடுகிறது. சைமின் குவியத் தூரம் 5 மீட்டர். குவியக் கோட்டுக்கும் உருளைக்கும் இடையே அலை மொத்தம் 10 மீட்டர் போய்த் திரும்புவதால், கற்றையில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஓர் அலைவு தோன்றுகிறது. தேடும் சமிக்ஞையைப் போலவே வேடமிடக்கூடிய அலைவு இது. கற்றையின் அகலம் 0.1 விழுக்காட்டுத் துல்லியத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 2015-இல் வெளியான ஷா குழுவினரின் ஆய்வு கணக்கிட்டது.

சைமின் இன்னொரு பணியான வேக ரேடியோ வெடிப்புகளுக்கும் இதே தேவை உண்டு. 2021-இல் வெளியான அதன் முதல் பட்டியலில் 536 வெடிப்புகள் உள்ளன. வெடிப்பு கற்றையின் எந்த இடத்தில் விழுந்தது என்று சரியாகத் தெரியாததால், அவற்றின் வலிமை பெரும்பாலும் கீழ்வரம்பாகவே தரப்பட்டிருக்கிறது.

வலிமை

இதில் போட்டியே இல்லை. சூரியன் சாந்தமாக இருக்கும் காலத்திலும் இந்த அதிர்வெண்களில் அதன் ஒளிர்வு லட்சக்கணக்கான ஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வின் அலகு). இரவு வானத்தின் மிக வலுவான தனி மூலங்களான காசியோப்பியா ஏ, சிக்னஸ் ஏ இரண்டும் சில ஆயிரம் ஜான்ஸ்கிதான். இந்த நூறு மடங்கு வேறுபாட்டின் பலன் பக்கக் கற்றைகளில் தெரியும். முதன்மைக் கற்றையைக் கடக்கச் சூரியனுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும், கருவியின் ஓரப்பார்வையில் இருக்கும்போதும், அதன் சமிக்ஞை இரைச்சலுக்குமேல் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். மற்ற மூலங்கள் அங்கே இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன. கிழக்கு மேற்காகத் தொலைவில் உள்ள பக்கக் கற்றைகளை அளக்கச் சூரியனுக்கு இணை இல்லை.

வானத்தின் அறியப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கற்றையை அளக்கும் வான்மாதிரி முறையில் இந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறார்கள். நிலையான வானத்தைப் பல நூறு இரவுகள் கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் தணியும். ஆனால் பக்கக் கற்றையில் இருக்கும் ஒரு மங்கலான மூலத்தையும் அதே கணத்தில் முதன்மைக் கற்றையில் இருக்கும் பால்வழியையும் பிரித்தறிய, வானம் முழுவதையும் கணிதத்தில் ஒன்றாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பரப்பு

சூரியன் ஓராண்டில் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 பாகையிலிருந்து வடக்கே 23.4 பாகைவரை போய் வருகிறது. உத்தராயணமும் தட்சிணாயனமும் அசையாத தொலைநோக்கிக்கு அசைவைத் தருகின்றன. ஒவ்வொரு நாளும் சூரியன் கற்றையின் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறது. மறுநாள் அடுத்த கோடு. ஆறு மாதத்தில் 47 பாகை அகலமுள்ள ஒரு பட்டை நிரம்பிவிடும். சைம் குழு இவ்வாறு ஏறத்தாழ 7,200 சதுர பாகை அளவுக்குக் கற்றையை அளந்து 2022-இல் வெளியிட்டது. தொலைநோக்கி ஓர் அங்குலமும் நகரவில்லை.

அந்தக் கோடுகளின் இடைவெளி சமமாக இருப்பதில்லை. மார்ச், செப்டம்பர் சமநாள்களை ஒட்டிச் சூரியன் நாளுக்கு 0.4 பாகை நகர்கிறது. ஜூன், டிசம்பர் திருப்பங்களில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே பட்டையின் இரு விளிம்பிலும் கோடுகள் நெருங்கியும் நடுவில் விலகியும் இருக்கும்.

பெரிய குறை வேறொன்று. சைம் இருப்பது 49.3 பாகை வட அட்சரேகையில். அங்கே கோடையின் உச்சத்திலும் சூரியன் உச்சியிலிருந்து 26 பாகை தெற்கேதான் நிற்கும். உச்சிக்கும் அதற்கு வடக்கே உள்ள வானத்துக்கும் சூரியன் வரவே வராது. சிக்னஸ் ஏ வான நடுக்கோட்டுக்கு வடக்கே 40.7 பாகையிலும், காசியோப்பியா ஏ 58.8 பாகையிலும் இருக்கின்றன. கற்றையின் அந்தப் பகுதிக்கு வான்மாதிரிதான் கதி. அடிவானம்வரை எங்கும் ஏதாவது ஒரு மூலம் இருப்பதால் வான்மாதிரிக்கு இடைவெளி இல்லை.

நிலைப்பு

இரு முறைகளின் குணமும் இங்கேதான் பிரிகிறது.

சூரியன் எல்லாக் கோட்டையும் இழுக்கும் ஒரே பொருள். பட்டையின் தெற்கு விளிம்பையும் வடக்கு விளிம்பையும் ஒரே அளவுகோலால் அளக்கிறோம். ஆனால் அந்த அளவுகோல் தானே நீளும், குறுகும். சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் ரேடியோ ஒளிர்வு நாளுக்கு நாள் மாறும்; வெடிப்புகளின்போது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவேதான் சைம் குழு சூரியச் சுழற்சியின் தாழ்நிலையை ஒட்டிய தரவுகளை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் மாறுதல் 10 விழுக்காட்டுக்குள் அடங்கியது. 1947-இல் ஒட்டாவா அருகே தொடங்கிய சூரியனின் 10.7 செ.மீ. ஒளிர்வு அளவீட்டை 1990-களின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் தொடர்ந்துவருவதும் இதே பென்டிக்டன் ஆய்வகந்தான். ஆனால் அது 2,800 மெகாஹெர்ட்ஸ் அளவீடு. 400–800 மெகாஹெர்ட்ஸில் அது சுட்டிக்காட்டுமே தவிர, அளவாக நிற்காது.

வானத்தின் மூலங்கள் நிலையானவை. காசியோப்பியா ஏ ஆண்டுக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு விழுக்காடு மங்குகிறது. அந்த மங்கலும் கணக்கில் வைக்கக்கூடியதே. 2017-இல் பெர்லியும் பட்லரும் 50 மெகாஹெர்ட்ஸ் முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரை வலுவான மூலங்களின் ஒளிர்வுக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு கோட்டையும் இழுப்பது வேறு வேறு பொருள். ஒரு கோட்டில் ஒரு மூலம் வலுவாகத் தெரிந்தால், மூலம் வலுவானதா, அந்த இடத்தில் கற்றை வலுவானதா என்று தரவு சொல்லாது. இரண்டின் பெருக்கல் மட்டுமே கையில் கிடைக்கிறது. 'பேப்பர்' என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுதிக்காகப் போபர் குழுவினர் 2012-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். கற்றை 180 பாகை சுழற்றினாலும் மாறாது என்று வைத்துக்கொண்டால், வேறு வேறு மூலங்களின் பாதைகள் கற்றையில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அங்கே மூலங்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். உண்மைக் கருவி அந்த அளவு சமச்சீராக இருக்க வேண்டும் என்பதே இதன் விலை.

சூரியன் முறையில் பிழை காலத்தில் இருக்கிறது. வான்மாதிரி முறையில் பிழை இடத்தில் இருக்கிறது. ஒன்று தானே எடை மாறும் ஒற்றைப் படிக்கல். மற்றது பிறர் எடை குறித்துத் தந்த பல படிக்கற்கள். சூரியன் ஒவ்வோர் உயரத்தையும் ஆண்டுக்கு இருமுறை, ஏறும்போதும் இறங்கும்போதும், கடக்கிறது. இரண்டு அளவும் ஒத்துப்போனால் அது கற்றையின் இயல்பு. வேறுபட்டால் சூரியனோ கருவியின் வெப்பநிலையோ மாறியிருக்கிறது.

உருவமும் முனைவாக்கமும்

கற்றையை அளக்கும் மூலம் புள்ளியாக இருப்பது நல்லது. சூரியன் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. கரோனாவின் ஒளிர்வால் ரேடியோவில் இன்னும் சற்றுப் பெரிது. சைமின் பிரிதிறனும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள அலைவாங்கி இணைகளுக்குச் சூரியன் புள்ளியாகத் தெரியாது. வட்டின் வடிவத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும். மற்றபடி, சாந்தமான சூரியனின் அலையில் முனைவாக்கம் மிகக் குறைவு. கருவி ஒரு முனைவாக்கத்திலிருந்து மற்றதற்குக் கசியவிடுவதை அளக்க இது நல்ல வாய்ப்பு. பால்வழியின் பரவலான ஒளிர்வோ முனைவாக்கம் கொண்டது; வழியில் உள்ள காந்தப்புலம் அதை அதிர்வெண்ணுக்கு ஏற்பத் திருப்பியும் விடுகிறது.

மாதிரியின் மாதிரி

வான்மாதிரி என்பது வானம் அல்ல. பழைய தொலைநோக்கிகள் கண்ட வானம். பல மாதிரிகளுக்கு அடித்தளம் 1982-இல் வெளியான ஹாஸ்லம் குழுவினரின் 408 மெகாஹெர்ட்ஸ் வரைபடம். ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க், இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ஆகிய தொலைநோக்கிகளின் தரவைத் தைத்து உருவாக்கியது அது. பிரிதிறன் 0.85 பாகை, அளவுகோல் பிழை ஏறத்தாழ 10 விழுக்காடு. அந்தத் தொலைநோக்கிகளுக்கும் கற்றை உண்டு, பக்கக் கற்றை உண்டு. அவற்றின் குறைகள் வரைபடத்தில் தங்கியிருக்கின்றன. 2008-இன் உலகளாவிய வான்மாதிரி போன்றவை பல அதிர்வெண் வரைபடங்களுக்கு இடையே இட்டு நிரப்பியவை. அவற்றைக்கொண்டு 0.1 விழுக்காட்டுக் கற்றையை அளக்கப் புகுந்தால், பழைய கற்றைகளின் பிழையைப் புதிய கற்றையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சூரியன் முறை இந்த வட்டத்துக்குள் சிக்குவதில்லை. ஆனால் முற்றும் தன்னிறைவானதும் இல்லை. சூரியனோடு சேர்ந்து பின்னணி வானமும் கற்றையில் விழுகிறது. அதே வான்பகுதியைப் பல மாதம் கழித்து இரவில் பார்த்த தரவைக் கழித்தால்தான் சூரியன் தனியாகக் கிடைக்கும்.

தீர்ப்பு

கற்றையின் உருவத்தை, அதுவும் தொலைதூரப் பக்கக் கற்றைகளை, அறியச் சூரியனே மேல். கற்றையின் முழு அளவையும், சூரியன் எட்டாத வடபகுதியையும் அறிய வான்மாதிரியே வழி. டாரஸ் ஏ வடக்கே 22 பாகையிலும் விர்கோ ஏ 12.4 பாகையிலும் இருப்பதால், இரண்டும் சூரியனின் பட்டைக்குள் வருகின்றன. சூரியனின் அளவீட்டை நிலையான அளவுகோலோடு கட்டிவைக்கும் இடங்கள் இவை. சைம் குழு இரண்டோடும் நிற்கவில்லை. அருகிலுள்ள 26 மீட்டர் ஜான் கால்ட் தொலைநோக்கி ஒரு மூலத்தைப் பின்தொடர, சைமோடு அதன் சமிக்ஞையை இணைத்துப் பார்க்கும் ஹாலோகிராஃபியையும் மூன்றாம் சாட்சியாக வைத்திருக்கிறது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஒரே வகைப் பிழை உள்ள இரு அளவீடுகள் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. வெவ்வேறு வகைப் பிழை உள்ளவை ஒத்துப்போனால்தான் நம்பலாம். சூரியனும் வானமும் ஒரே எண்ணைச் சொல்லும் இடத்தில் கற்றையை ஏற்றுக்கொள்ளலாம். அவை முரண்படும் இடத்தில் ஹைட்ரஜனைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் கருவியைத் தேட வேண்டும்.