எஞ்சின் உறைக்கு எபொக்சிப் பசை

பிசினும் கடினமாக்கியும் பிசைந்தபின் கல்லாக இறுகும் எபொக்சிப் பசை, மோட்டார் சைக்கிளின் அலுமினிய எஞ்சின் உறையில் விழும் வெடிப்பையும் துளையையும் அடைக்கப் பயன்படுகிறது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பின் பழைய வண்டிகளைக் காப்பது அவசியமாயிற்று. திருகோணமலைத் துறைமுகக் கரையிலோ உப்புக்காற்றும் அலுமினியத்தை அரிக்கிறது. இந்தப் பசை தற்காலிக ஒப்பேற்றலா, முறையான பழுதுபார்ப்பா என்பதைப் பழுதான இடமே தீர்மானிக்கிறது. கிளட்ச் கவரும் மேக்னட் கவரும் பெரும்பாலும் எண்ணெயைத் தடுத்து நிறுத்துபவையே. சுமை தாங்குபவை அல்ல. அங்கே 100 பாகை செல்சியசுக்கு மேலும் தாங்கும் பசை நெடுங்காலம் நிற்கும். பேரிங் இருக்கையிலும் எஞ்சினைச் சட்டத்தில் பிணைக்கும் காதுகளிலும் அது கூடாது.

வெல்டிங்தான் சரியான வழி என்பார்கள். சுமை தாங்கும் பகுதிக்கு அது உண்மை. ஆனால் அலுமினியம் 660 பாகையில் உருக, அதன் மேலுள்ள ஒக்சைட்டுப் படலமோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். எண்ணெய் ஊறிய வார்ப்பில் குமிழிகள் எழும், மெல்லிய கவர் வளைந்து கஸ்கட் முகம் கெடும். பசை கழன்றுவிடும் என்ற மறுப்புக்கும் பதில் உண்டு: கழல்வதற்குப் பெரும்பாலும் காரணம் அடியில் தங்கிய எண்ணெயும் உப்பும். நன்னீரில் கழுவி உலர்த்தி, வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, சுரண்டி, அசெற்றோனால் துடைத்துப் பூசி, ஒரு நாள் இறுகவிட வேண்டும். உட்புறம் பூசியது பெயர்ந்தால் எண்ணெய் வடிகட்டியை அடைக்கும் என்பதால், வெளிப்புறப் பூச்சே பாதுகாப்பானது.