கடிகாரத்தின் முகம் கூறும் வரலாறு

கல்வெட்டு ஆராய்வோர் முதலில் நோக்குவது அதன் எழுத்தமைதியையே. கல்வெட்டில் குறித்த மன்னன் ஒரு காலத்தவனாகவும், எழுத்து பிற்காலத்ததாகவும் இருப்பின், அது பின்னர்ப் பொறிக்கப்பட்டது என்று உணர்வர். விலையுயர்ந்த பழங்கைக்கடிகாரங்களை ஆராய்வோர் கைக்கொள்ளும் நெறியும் இதுவே. உள்ளிருக்கும் இயந்திரம் பழையதாக இருக்கலாம். மேலுறை தூய பொன்னாகவும் இருக்கலாம். எனினும் டயல் எனப்படும் முகத்தகடு உடன்பிறந்ததா, இடையில் வந்து சேர்ந்ததா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகின்றது.

டயல் செய்தல் சுவிட்சர்லாந்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பெரும் புகழ் பெற்ற கடிகார நிறுவனங்களும் டயல்களைப் பிறரிடமே செய்து வாங்கின. 1839இல் தோன்றிய படேக் பிலிப் நிறுவனத்திற்கு டயல் செய்து கொடுத்தவர்கள் ஜெனீவா நகரத்து ஸ்டெர்ன் உடன்பிறப்பினர். உலகப் பொருளாதார மந்தத்தில் அந்நிறுவனம் தளர்வுற்றபோது, 1932இல் ஸ்டெர்ன் குடும்பத்தாரே அதனை விலைக்கு வாங்கினர். முகம் செய்தவர் முழுக் கடிகாரத்துக்கும் உரிமையாளரான வரலாறு இது.

அக்காலத்துச் சிறந்த டயல்களில் பெயரை வெறும் மையால் அச்சிடவில்லை. எழுத்துகளை உலோகத்தில் செதுக்கி, அப்பள்ளத்தில் எனாமல் தூளை நிரப்பி, உலையிலிட்டு உருக்கினர். ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கால் அவ்வெழுத்துகள் ஆழமும் உறுதியும் உடையனவாய்த் தோன்றும். அளவுக்கு மீறித் தேய்த்துத் துலக்கிய டயலில் மெல்லிய கோடுகள் முதலில் மறையும். அவற்றின் மேல் மையால் மீண்டும் எழுதியிருப்பின், எழுத்து தட்டையாகி, ஓரங்கள் மழுங்கிக் காணப்படும்.

இருளில் ஒளிரும் டயல்களின் வரலாறு துயரம் நிறைந்தது. கியூரி தம்பதியர் 1898இல் கண்டறிந்த ரேடியத்தைத் துத்தநாக சல்பைடுடன் கலந்து ஒளிரும் பூச்சு செய்தனர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டால் கூர்மையாக்கி அப்பூச்சை எண்கள்மேல் தீட்டினர். ரேடியம் அவர்தம் எலும்புகளில் படிந்து, தாடை அரிக்கப்பட்டுப் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டுடன் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

1960களில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பெற்றது. அதனைக் குறிக்க, டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற சொல்லின் அருகே ஆங்கில 'டி' எழுத்தைப் பொறித்தனர். 1990களின் பிற்பகுதியில் கதிரியக்கமற்ற பூச்சுகள் வந்தன. இவ்வரிசையை அறிந்தவர்க்குச் சோதனை எளிது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஆயினும் உடன் கலந்த துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளிலேயே சிதைந்து ஒளி இழக்கும். ஆதலின் 1950ஆம் ஆண்டுக் கடிகாரம் இன்றும் இரவெல்லாம் ஒளிவீசுமாயின் அப்பூச்சு புதியது. அதே கடிகாரத்தில் 'டி' எழுத்து இருப்பின், டயலே பின்னர் மாற்றப்பட்டது. அது அந்நிறுவனமே பழுதுபார்க்குங்கால் மாற்றியதாகவும் இருக்கலாம். அசல்தான், ஆனால் உடன்பிறந்ததன்று. இன்னும் ஒன்று: ரேடியப் பூச்சு ஒளி இழந்தாலும் நஞ்சு இழப்பதில்லை. அத்தகைய கடிகாரத்தைத் திறந்து சுரண்டுதல் கூடாது.

டயல் ஒன்றே விலையை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு ரோலெக்ஸ் டேட்டோனா சான்றாகும். அதன் ஒருவகை டயலைச் சிங்கர் என்னும் டயல் நிறுவனம் செய்தது. 1960களில் அதனை விரும்பி வாங்கினோர் சிலரே. நடிகர் பால் நியூமன் அணிந்தமையால் பின்னாளில் அவ்வகை அவர் பெயரையே பெற்றது. அவருடைய கடிகாரம் 2017இல் நியூயார்க்கு ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அவ்வகை டயல்களுக்குப் போலிகளும் பெருகின. சிறு வட்டங்களிலுள்ள கோடுகளின் முனையில் அமைந்த நுண்ணிய சதுரங்கள், எண்களின் தனி வடிவம், படியாகத் தாழ்ந்த வட்டங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கியே இன்று முடிவு செய்கின்றனர்.

நம் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகுந்திருந்தன, பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார உற்பத்தி 1961இல்தான் தொடங்கிற்று. ஈரக்காற்றில் கறுத்த வெளிநாட்டு டயலுக்கு மாற்று கிடைப்பது அரிது. எனவே பழைய டயலைச் சுரண்டி, வண்ணம் பூசி, மறுபடி அச்சிட்டனர். அது ஏமாற்றன்று, நாள்தோறும் கட்டவேண்டிய பொருளுக்குச் செய்த மராமத்து. ஆனால் பிற்காலத்தில் பழங்கடிகாரங்களுக்குப் பளபளப்பான புதுவண்ணம் பூசி, 'கை படாதது' என்று கூறி விற்றது வேறு செய்தி. வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடையே அவற்றுக்கு மும்பையின் பெயரே வழங்கலாயிற்று. நேர்மையான பல தொழிலாளரின் ஊருக்கு அது தகுந்த பெயரன்று.

அத்தகைய டயலை அறியச் சில குறிகள் உண்டு. நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேர்ப்படா. எழுத்துகள் தடித்து, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறும். அடியில் 'சுவிஸ்' என்னும் சொல் விடுபட்டிருக்கும். அச்சிடுங்கால் நிலைநிறுத்துவதற்காக ஓரத்தில் அரத்தால் வெட்டிய சிறு பள்ளம் காணப்படும். ஒரு குறி மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. பல குறிகள் கூடிச் சொல்வதையே ஏற்கவேண்டும்.

நம் இல்லங்களிலும் பாட்டனார் விட்டுச்சென்ற கடிகாரங்கள் பெட்டிகளில் உறங்குகின்றன. மங்கிய முகத்தைக் கண்டு மனம் வருந்தி, திருமண நாளுக்கென்று புதுவண்ணம் பூசக் கொடுப்பவர் உளர். இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் இடுமாறு பணியுங்கள். முகத்தைத் தொடவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன்னரே வண்ணம் பூசியிருந்தால், விற்கும்போது அதனை மறையாது உரையுங்கள். பொருளின் மதிப்பு அதனால் சிறிது குறையலாம். சொல்லின் மதிப்புக் குறையாது. அந்த மங்கலும் கறையும் ஒரு மனிதர் உழைத்து வாழ்ந்த காலத்தின் கையெழுத்தன்றோ! அதனை அழித்தபின் மீட்டெழுத எந்தக் கைவினைஞராலும் இயலாது.